கரி, நீர்வண்ணம், பாத்தேக், எண்ணெய்: தானே பயிலும் ஓவியர் ஒரே ஊடகத்தில் நிலைக்க வேண்டுமா?

சிப்புட் வண்ணம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது செம்பனை ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். ஓவியக் கல்லூரி எதிலும் படித்ததில்லை. நூலகப் புத்தகங்களும் காணொளிகளும் கையில் கிடைத்த பொருள்களுமே எனக்கு ஆசிரியர்கள். அண்மையில் ஈப்போவில் நடந்த ஒரு குழுக் கண்காட்சியில் என் படங்களைப் பார்த்த மூத்த ஓவியர் ஒருவர், கரி, நீர்வண்ணம், மெழுகும் சாயமும் கொண்டு துணியில் வரையும் பாத்தேக், அக்ரிலிக் என்று மாறிக்கொண்டே போனால் எதிலும் ஆழம் பிடிபடாது, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே ஊன்றி நில்லுங்கள் என்று அறிவுரை கூறினார். அக்கறையோடு சொன்ன சொல் என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. முழுமனதாக ஏற்கவும் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நான் வரைய நினைத்த பொருள்தான் என்னை அடுத்த ஊடகத்துக்குக் கொண்டுபோய் விட்டது என்று நம்புகிறேன். அதை விளக்கி எழுதி, உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

நான் திரும்பத் திரும்ப வரைவது ஒரே காட்சியைத்தான்: விடியலுக்கு முன் ரப்பர் மர நிரையில் நின்று ஒருவர் பால் வெட்டுவது. மரத்தின் உள்ளழுத்தம் அந்நேரத்தில் மிகுந்திருந்து பால் நன்றாக ஓடும் என்பதால்தான் வெயில் ஏறுமுன் வெட்டுகிறார்கள். ஆகவே அந்தக் காட்சியில் இருக்கும் ஒளியெல்லாம் நெற்றி விளக்கிலிருந்து விழும் ஒரு வட்டம் மட்டுமே. அதற்குள் கத்தி, பட்டையில் சரிந்து இறங்கும் வெட்டு, அதன் ஓரத்தில் ஊறி நிற்கும் வெள்ளைக் கோடு, கீழே பாலை ஏந்தும் மங்கு, மற்றதெல்லாம் இருட்டு.

இதைக் கரியில் தொடங்கினேன். தாள் முழுவதும் கரியைப் பூசிவிட்டு, பிசைந்து பயன்படுத்தும் அழிப்பானால் ஒளி விழும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால், இருட்டுக்குள்ளிருந்து கையும் மரமும் வெளிப்படும். எதை வரைவது என்பதைவிட எதை இருட்டிலேயே விட்டுவிடுவது என்பதை முடிவு செய்யக் கற்றுக்கொடுத்தது கரிதான். ஆனால் ஆண்டுத் தொடக்கத்து வறட்சி மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்குமுன் செம்பும் மஞ்சளுமாக மாறுவதையும், விடியும்போது அந்த இலைகளுக்குப் பின்னால் பனி வெளுப்பதையும் கரியால் சொல்ல இயலவில்லை. அதற்காகவே நீர்வண்ணத்துக்குப் போனேன்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசுவதன்று, தாளை விட்டுவைப்பது. பால் ஓடும் அந்த மெல்லிய கோட்டை எப்படி விட்டுவைப்பது என்று தேடியபோதுதான், கடையில் சிறு புட்டியில் விற்கும் மறைப்புத் திரவம் பெரும்பாலும் அம்மோனியா கலந்த ரப்பர்ப் பாலே என்று தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் வாளி வாளியாகக் கிடைத்த பொருள் அது. உறவினர் ஒருவரிடம் சிறிதளவு அம்மோனியாப் பால் வாங்கி, நீர் சேர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தென்னை ஈர்க்கின் நுனியால் தொட்டுத் தாளில் கோடிழுத்தேன். காய்ந்ததும் அது தேன் நிறத்தில் கண்ணாடி போல் தெரியும். அதன்மேல் தயங்காமல் கருநீலத்தைப் பாயவிட்டு, முழுவதும் உலர்ந்தபின் விரல் நுனியால் தேய்த்தால், கோடு சுருண்டு ஒட்டுப்பாலாகக் கையோடு வந்துவிடும். அடியில் தாள் வெள்ளையாக இருக்கும். பால் ஓடிய கோட்டைப் பாலைக் கொண்டே காத்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை. முயல்பவர்களுக்கு ஒன்று: தூரிகையைப் பயன்படுத்தினால் முதலில் சவர்க்காரத்தில் தோய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மயிர் ஒட்டிக்கொண்டு தூரிகை கெட்டுவிடும். தாளை வெயிலில் வைத்துவிடவும் வேண்டாம். பால் பழுத்துத் தாளோடு பற்றிக்கொள்ளும்.

இந்த மறைத்தல்தான் என்னைப் பாத்தேக்கிடம் அழைத்துச் சென்றது. அங்கே மெழுகு இதே வேலையைச் செய்கிறது. ஆனால் ஒருமுறைக்குப் பலமுறை. எந்த நிறம் முதலில், எந்த நிறம் கடைசியில் என்று தொடங்குமுன்பே முழுப் படத்தையும் மனத்தில் அடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன்பின் அக்ரிலிக். இருட்டின்மேல் ஒளியைப் பிறகு வைக்கவும், வைத்ததை மூடி மாற்றவும் அதில்தான் முடிந்தது. ஆனால் நம் பிற்பகல் வெப்பத்தில் அது தட்டிலேயே உலர்ந்துவிடுகிறது. விளக்கொளி இருட்டில் மெல்லக் கரையும் அந்த விளிம்பைக் குழைத்து எடுக்க நேரம் தருவதில்லை. ஆகையால் இப்போது எண்ணெய் வண்ணத்தைத் தொடங்க நினைக்கிறேன்.

என் கேள்விகள் இரண்டு. இப்படி நகர்வது வளர்ச்சியா, சிதறலா? நம் ஈரப்பதத்தில், காற்றோட்டம் குறைந்த சிறிய வீட்டில் எண்ணெய் வண்ணத்தைக் கையாள்வது எப்படி?

ஈப்போ ஓவிய ஆசிரியர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். தமிழ்ப்பள்ளியில் நீண்ட காலம் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு அறிவுரை சொன்னவரின் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. தானே பயில்பவர்கள் பலர் நீர்வண்ணத்தில் உருவம் சரியாக அமையாதபோது குறை தாளில் இருப்பதாக எண்ணி அக்ரிலிக் வாங்குவார்கள்; அதிலும் அமையாதபோது எண்ணெய்க்குப் போவார்கள். கோட்டில் இருக்கும் குறை எந்த ஊடகத்துக்குப் போனாலும் கூடவே வரும். கத்தியைப் பிடித்த மணிக்கட்டு எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று தெரியாதவருக்கு உயர்ந்த எண்ணெய் வண்ணமும் உதவாது.

நம் நாட்டு ஓவியர்களில் கிளந்தானில் பிறந்த கலில் இப்ராகிமை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்வண்ணம், பாத்தேக், அக்ரிலிக் எல்லாவற்றிலும் படைத்தவர். ஆனால் அவை எல்லாவற்றின் அடியிலும் மனித உருவத்தை விடாமல் வரைந்து பழகிய கை இருந்தது. அவர் லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் முறையாகப் பயின்றவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பயிற்சியைக் கல்லூரி அவருக்குக் கட்டாயமாக்கியது. தானே பயில்பவருக்கு அதைக் கட்டாயமாக்க ஆளில்லை. ஆகவே ஊடகம் மாறுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் எதில் வேலை செய்தாலும் கரிக்கோட்டுப் பயிற்சி நாள்தோறும் தொடர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குளுவாங் செம்மண் எழுதியது:

அக்காவின் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆசிரியர் ஐயா கோட்டிலிருந்து தொடங்குகிறார். நான் பொருளிலிருந்து தொடங்குகிறேன். ஊடகம் என்று நாம் பிரித்துச் சொல்பவற்றில் பெரும்பாலானவை ஒரே நிறத்தூளைப் பிடித்துவைக்கும் வெவ்வேறு பசைகளே. இதை நூலில் படிப்பதற்கும் சொந்தக் கையால் அரைத்துப் பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

எங்கள் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் கிடக்கும் செம்மண்ணை எடுத்து, ஒரு வாளி நீரில் கலக்கி, மணல் அடியில் தங்கும்வரை சற்றே பொறுத்து, மேலே கலங்கி நிற்கும் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஓர் இரவு விட்டால் அந்த நீர் தெளிந்து அடியில் வழவழப்பான சேறு படியும். இதை இரண்டு மூன்று முறை செய்து உலர்த்தினால் கிடைக்கும் கட்டியைப் பொடித்து, தடித்த கண்ணாடிமேல் வேலம்பிசின் கரைசலும் சில துளித் தேனும் சேர்த்து அரைத்தால் நீர்வண்ணம் ஆகிவிடும். பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு துளிக் கிராம்பு எண்ணெய் போதும். அதே தூளை முட்டை மஞ்சள் கருவில் குழைத்தால் டெம்பரா. ஆளிவிதை எண்ணெயில் அரைத்தால் எண்ணெய் வண்ணம். மஞ்சளான மண் கிடைத்தால் இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துப் பாருங்கள். அதிலுள்ள நீர் பிரிந்து அது சிவந்துவிடும்.

ஒரே மண்ணைப் பிசினிலும் எண்ணெயிலும் அரைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பார்த்தபோதுதான் எண்ணெயில் நிறம் ஏன் ஆழ்ந்து தெரிகிறது என்பது எனக்குப் புரிந்தது. உலர்ந்த பிசினில் தூளின் துகள்கள் காற்றைத் தொட்டுக்கொண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. எண்ணெயில் அவை மூழ்கியிருப்பதால் ஒளி உள்ளே போய்த் திரும்புகிறது. அக்கா தேடும் இருட்டு எண்ணெயில் இருக்கிறது என்பதே என் எண்ணம். இரும்பு ஆக்சைடு வெயிலுக்கு மங்காது என்பது கூடுதல் நன்மை. கடையில் வாங்கும்போதும் குழாயின் பின்புறத்தில் நிறமியின் குறியீட்டைப் பாருங்கள், பி.பி.29 என்றிருந்தால் அது அல்ட்ராமரின் நீலம், நம்பலாம். பி.ஆர்.83 என்றால் அலிசரின் சிவப்பு, ஒளியில் வெளுக்கும். குறியீடே அச்சிடாத குழாயை நான் வாங்குவதில்லை.

கோத்தா பாரு மெழுகு எழுதியது:

தங்கையின் பதிவில் பாத்தேக் ஒரு பத்தியில் கடந்துபோனது எனக்குச் சற்றுக் குறையாகப் பட்டது. திருமணமாகிக் கிளந்தானுக்கு வந்தபின் இங்கே ஒரு பாத்தேக் கூடத்தில் வேலை கற்றவள் நான்.

பாத்தேக்கை ஓவியமாகவே செய்து காட்டிய முன்னோடி பினாங்கின் சுவா தியன் தெங். துணி உற்பத்திக்குப் பயன்பட்ட மெழுகையும் சாயத்தையும் 1950களில் ஓவியத்துக்குத் திருப்பினார். அந்த ஊடகத்தை அவர் வேறொன்றுக்குப் போகும் படிக்கட்டாகக் கொள்ளவில்லை. வாழ்நாளெல்லாம் அதிலேயே நின்றார். இதை அறிவுரை சொன்னவரின் பக்கத்துச் சான்றாகவும் கொள்ளலாம். ஆனால் துணித்தொழிலிலிருந்து ஓவியத்துக்கு அந்தப் பொருளைக் கொண்டுவந்ததே ஒரு பெயர்ச்சிதான் என்பதையும் மறக்கக்கூடாது.

வேலையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்கிறேன். பாரஃபின் மெழுகை மட்டும் பயன்படுத்தினால் அது நொறுங்கிக் கீறல் விழும், சாயம் அதன் வழியே புகுந்து வலைபோல் படரும். தேன்மெழுகு கலந்தால் மெழுகு வளைந்து கொடுக்கும். பால்மரத்தின் பட்டையை வரைய அந்தக் கீறல்களையே பயன்படுத்தலாம்: மெழுகு பூசிய இடத்தைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கையால் மெல்ல நெரித்துவிட்டுப் பழுப்பு நிறம் கொடுத்தால், தூரிகையால் இழுக்க முடியாத வெடிப்புகள் தாமாக அமையும். சாயம் பிடிப்பதற்குச் சோடியம் சிலிக்கேட் பூசிச் சில மணிநேரம் விட்டு அலசிய பிறகே கொதிநீரில் மெழுகை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் நிறமும் கூடவே போய்விடும். முடிந்த துணியை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சாயம் நிறமியைப் போல ஒளியைத் தாங்காது.

உருகிய மெழுகால் கோடிழுக்கும் கருவியான சாந்திங்கின் மூக்கிலிருந்து மெழுகு இறங்கும்போது கை நின்றால் பொட்டு விழுந்துவிடும். விரைந்தால் கோடு அறுந்துவிடும். ஆசிரியர் ஐயா கேட்கும் கோட்டுப் பயிற்சி இதிலேயே இருக்கிறது என்று பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

சிப்புட் வண்ணம் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, கரிக்கோட்டை நான் கைவிடவில்லை. புதிய ஊடகத்தில் ஒரு படத்தைத் தொடங்குமுன் அதே அளவில் கரியில் ஒருமுறை வரைந்துகொள்கிறேன்; முடித்தபின் இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன். பாத்தேக் முடிந்த துணியைக் கரிப்படத்தோடு ஒப்பிட்டபோது, என் கரிப்படங்களில் தேவையில்லாத நடுத்தரச் சாம்பல் மிகுந்திருப்பது தெரிந்தது. மெழுகு அதற்கு இடம் கொடுப்பதில்லை. அடுத்த கரிப்படத்தில் அந்தச் சாம்பலைப் பாதியாகக் குறைத்தேன், இருட்டு இறுகியது. ஆகவே புதிய ஊடகத்துக்குப் போவது பழையதை விட்டுப் போவதாக எனக்குத் தோன்றவில்லை. போய்வந்த பிறகுதான் பழையதைத் திருத்த முடிந்தது.

தானே பயின்றவர்களைப் பற்றிப் பேசுவதானால் யோங் முன் சென்னை நினைவுகூர விரும்புகிறேன். 1896இல் கூச்சிங்கில் பிறந்து பினாங்கில் குடியேறியவர். புகைப்பட நிலையம் நடத்தி வாழ்ந்துகொண்டே நீர்வண்ணத்தைத் தானாகக் கற்றுத் தேர்ந்தார். எண்ணெய் வண்ணத்திலும் சிற்பத்திலும் வேலை செய்தார். ஆயினும் அவரை நாம் நினைப்பது நீர்வண்ணத்துக்காகத்தான். பல ஊடகங்களைத் தொட்டவருக்கும் ஒன்று வீடாக அமையும் என்று கொள்ளலாம். எனக்கு எது வீடு என்பதைத் தொட்டுப் பார்க்காமல் எப்படி அறிவது?

காப்பார் இளைஞன் எழுதியது:

அக்காவிடம் ஒரு சிறு கேள்வி. ரப்பர்ப் பாலிலேயே நிறத்தைக் கலந்து கித்தானில் பூசினால் என்ன? தோட்டத்து வாழ்க்கையைத் தோட்டத்துப் பொருளாலேயே வரைந்ததாக இருக்குமே.

பாசிர் கூடாங் ஆய்வகம் எழுதியது:

தம்பியின் எண்ணம் அழகானது; ஆனால் படம் நிலைக்காது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்பதால் வேதியியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத இயற்கை ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் ஒளியாலும் சிதைந்து, முதலில் மஞ்சளித்துப் பிசுபிசுத்து, பிறகு விறைத்து உடையும். அமெரிக்கச் சிற்பி எவா ஹெஸ்ஸே 1960களின் இறுதியில் ரப்பர்ப் பாலைக் கொண்டு செய்த படைப்புகள் இன்று கறுத்து இறுகிப்போயிருக்கின்றன. அவற்றைக் காப்பது அருங்காட்சியகங்களுக்கே பெரும்பாடு. நீக்கிவிடப் போகும் மறைப்பாகப் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணெய் வண்ணம் பற்றிச் சகோதரி கேட்டதற்கு வருகிறேன். முதலில் ஒன்று: செம்பனை எண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ நிறத்தை அரைத்துப் பார்க்க யாரும் முயல வேண்டாம். அவை உலரா எண்ணெய்கள். எண்ணெய் வண்ணம் நீர்போல ஆவியாகி உலர்வதில்லை. ஆக்சிஜனை ஏற்று மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் படலமாகிறது. அதற்கு இரட்டைப் பிணைப்புகள் மிகுதியாக வேண்டும். அந்தப் பிணைப்புகளின் அளவைக் காட்டும் எண்ணை அயோடின் மதிப்பு என்று ஆலைத் தாள்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். செம்பனை எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 50இலிருந்து 55 வரை, ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கும் மேல். உலர்வதற்கும் உலராமைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த எண்ணிலேயே இருக்கிறது.

ஈரப்பதம் மிகுந்தால் உலர்தல் தாமதமாகும். அடிப்படலங்களை மெல்லியதாகவும் எண்ணெய் குறைவாகவும் பூசுங்கள். மேலே போகப்போக எண்ணெய் கூடலாம். மாற்றிச் செய்தால் மேற்படலம் முதலில் இறுகி, அடி நகரும்போது வெடிக்கும். விரைவு வேண்டுமானால் ஆல்கிட் கலவை சிறிது சேர்க்கலாம். டர்பன்டைன் என்னும் கரைப்பானின் ஆவி காற்றோட்டம் குறைந்த உங்கள் வீட்டுக்கு ஏற்றதன்று. தூரிகையை முதலில் எண்ணெயில் துடைத்து, பின்பு சவர்க்காரத்தில் கழுவினாலே போதும். மிக முக்கியமானது: ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அது ஆக்சிஜனை ஏற்கும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும். பலகை வீடுகளில் இது பேராபத்து. நீரில் நனைத்து மூடியுள்ள தகரத்தில் போடுங்கள், அல்லது வெளியே விரித்து உலர்த்துங்கள். படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் சிறு கட்டை வைத்து இடைவெளி விடுங்கள். ஈரம் தங்கிப் பூஞ்சை வருவது பின்புறத்தில்தான். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுத்திருங்கள்.

ஈப்போ ஓவிய ஆசிரியர் எழுதியது:

சகோதரி, நடுத்தரச் சாம்பலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் எதிர்ப்பு பெருமளவு தளர்ந்துவிட்டது. போய்வந்த ஊடகம் கரிக்கோட்டைத் திருத்துகிறது என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்? ஒரு பரிந்துரை மட்டும்: எண்ணெயில் தொடங்கும்போது குழாய்களை நிறைய வாங்க வேண்டாம். வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், சுட்ட அம்பர் என்னும் அடர்பழுப்பு, மஞ்சள் காவி ஆகிய நான்கோடு நிறுத்துங்கள். நீலத்தையும் அம்பரையும் கலந்தால் கறுப்புக் குழாயைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும். நீலம் கூடினால் குளிரும், அம்பர் கூடினால் விளக்கின் பக்கம் சாயும்.

கோலாலம்பூர் போகும்போது ஜாலான் தெமர்லோவில் உள்ள தேசியக் கலைக்கூடத்தையும் பார்த்து வாருங்கள். ராமநாதபுரத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்ற சையது தாஜுதீனின் படைப்பு காட்சியில் இருக்குமானால் அதன் முன் சற்று நேரம் நில்லுங்கள். நிறத்தை எப்படி மெலிதாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒளியூட்டலாம் என்பதை அச்சுப் படத்தில் காண முடியாது.

சிப்புட் வண்ணம் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. நான்கு வண்ணங்களோடுதான் தொடங்கப் போகிறேன். குளுவாங் தம்பி சொன்னபடி எங்கள் தோட்டத்துச் செம்மண்ணையும் ஆளிவிதை எண்ணெயில் அரைத்து ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்வேன். முதல் படம் சிறியதுதான்: கையும் கத்தியும் மட்டும், முகம் இல்லாமல். கித்தானுக்குப் பதிலாக ஒட்டுப்பலகையில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசி அதன்மேல் வரையலாமா என்பதே எஞ்சியிருக்கும் ஐயம்.

பாசிர் கூடாங் ஆய்வகம் எழுதியது:

வரையலாம். ஆனால் பலகையின் முன்புறத்துக்கு மட்டும் பூசினால் ஈரத்தில் அது ஒருபக்கமாக வளைந்துவிடும். பின்புறத்துக்கும் நான்கு ஓரங்களுக்கும் அதே பூச்சைக் கொடுத்து, நன்றாக உலரவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்த பிறகு தொடங்குங்கள்.